டயரா, பெல்ட்டா?

தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுத் தண்ணீர் பாயும் எங்கள் ஒன்பது மா நிலத்தில் (இன்றைய கணக்கில் மூன்று ஏக்கர்) சம்பா பழுத்துத் தலை சாய்ந்துகொண்டிருந்தது. மார்கழிக் கடைசியில் பெய்த மழை இன்னும் முழுக்க வடியவில்லை. அறுவடை மிஷின் புரோக்கருக்குப் போன் செய்தேன். என்ன ரகம், எத்தனை ஏக்கர், வயலுக்கு வழி இருக்கிறதா என்பதெல்லாம் பிறகுதான். அவர் முதலில் கேட்டது இதைத்தான்: "டயருங்களா, பெல்ட்டுங்களா?"

டெல்டாவில் தை, மாசி இரண்டு மாதமும் டீக்கடைக்கு டீக்கடை அடிபடும் சொற்கள் இவை. டயர் என்றால் ரப்பர் சக்கரத்தில் ஓடும் அறுவடை மிஷின். பெல்ட் என்றால் ராணுவ டாங்கி மாதிரி அகலமான ரப்பர் பட்டையில் ஊர்ந்து போவது. செயின் மிஷின் என்றும் சொல்வார்கள். எதைக் கூப்பிடுகிறோம் என்பதில் வாடகை மட்டுமில்லாமல் வைக்கோல், அடுத்து விதைக்கப்போகும் உளுந்து, வரப்பின் கதி எல்லாம் அடங்கியிருக்கிறது.

எங்கள் அப்பாவிடம் போய் யாராவது இதைக் கேட்டிருந்தால் விழித்திருப்பார். அவர் காலத்தில் சக்கரம் வரப்போடு நின்றுவிடும். சேற்றில் இறங்கியவை கால்கள்தான்: மனிதக் கால், மாட்டுக் கால், எருமைக் கால்.

சக்கரத்துக்கு அன்று ஒரு பருவம் இருந்தது. சித்திரை வைகாசியில் வயல் வெடித்துக் கிடக்கும்போது வண்டி எங்கே வேண்டுமானாலும் போகும். குப்பை அடிப்பது அப்போதுதான். தொழுவத்துக் குழியிலிருந்து வாரிய எருவை வயல் நடுவில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வரலாம். மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தார்கள் என்றால், அது கல்லணை கடந்து எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும் நாளோடு வண்டியின் வயல் பயணம் முடிந்தது. ஐப்பசி அடைமழையில் தெருவிலேயே வண்டி ஓட்ட முடியாது. எங்கள் பக்கத்து மண் களி. இரண்டு விரல் அகல இரும்புப் பட்டா அதில் கத்தி மாதிரி இறங்கும். அதனால் விறகு, உப்பு, புளி, மிளகாய் எல்லாவற்றையும் புரட்டாசிக்குள் வீட்டில் சேர்த்துவிடுவார்கள். மழையோடு மல்லுக்கு நிற்பதில்லை, வண்டியைக் கொட்டகையில் தள்ளிவிட்டுக் காத்திருப்பதுதான் வழக்கம்.

அந்த இரும்புப் பட்டாவைச் சக்கரத்துக்குப் போடுவதைச் சிறு வயதில் நாள் முழுக்க நின்று பார்த்திருக்கிறேன். நடுவில் குடம், அதில் செருகிய பன்னிரண்டு ஆரக்கால், அவற்றைச் சுற்றி ஆறு வட்டை, எல்லாம் கருவேலம். ஆசாரி இவ்வளவையும் பூட்டி முடித்தாலும் சக்கரம் தொளதொளவென்றுதான் இருக்கும். அதை இறுக்குவது பட்டா. சக்கரத்தின் சுற்றளவைவிட ஒரு பொட்டு குறைவாகப் பட்டாவை வளைத்துப் பொருத்துவார்கள். அந்தப் பொட்டு எவ்வளவு என்பதுதான் தொழில். வறட்டியை வட்டமாக அடுக்கி, நடுவே பட்டாவை வைத்துத் தீ மூட்டுவார்கள். செக்கச் சிவந்து விரிந்ததும் நாலு பேர் குறட்டில் தூக்கிவந்து சக்கரத்தின்மேல் இறக்கிச் சம்மட்டியால் தட்டுவார்கள். வட்டை புகைந்து தீப்பிடிக்கும். உடனே குடம் குடமாகத் தண்ணீர். இரும்பு சுருங்கச் சுருங்க ஆரக்கால் ஒவ்வொன்றும் குடத்துக்குள் நெரிந்து நுழையும் சத்தம் கேட்கும். பொட்டு அதிகமாகிவிட்டால் சக்கரம் கிண்ணம்போலக் குழிந்துவிடும், குறைந்துவிட்டால் கோடையில் மரம் வற்றிப் பட்டா கழன்று உருண்டோடும். அப்படிக் கழலப் பார்த்தால் ராத்திரி சக்கரத்தைக் கழற்றிக் குளத்தில் ஊறப்போடுவதுதான் வைத்தியம்.

பிறகு டயர் வண்டி வந்தது. லாரிக்கு உழைத்து, ரீட்ரேட் ஆகி, மறுபடியும் உழைத்து, கடைசியில் வழுவழுவென்று மொட்டையான டயர்தான் மாட்டு வண்டிக்கு வரும். திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப், 1952-ல் ரீட்ரேடிங்குக்கான ரப்பரில் இறங்கியது. தேய்ந்த டயருக்கு மறுபிறவி கொடுக்கும் அந்தத் தொழிலின் கடைசி வாடிக்கையாளர்கள் எங்கள் ஊர் மாடுகள். பேரிங் வைத்த அச்சு, அகலமான டயர். பழைய வண்டியில் முக்கித் தள்ளிய பாரத்தை மாடு அலட்டாமல் இழுத்தது. ஆசாரியின் பட்டறையில் வறட்டி நெருப்பு அணைந்தது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக முடியவில்லை. எங்கள் வண்டி இரும்பை விட்டு ரப்பருக்குப் போனது. திருவாரூர் ஆழித்தேரோ மரத்தை விட்டு இரும்புக்குப் போனது. 1926-ல் எரிந்து, புதிதாகச் செய்து 1930-ல் ஓடிய தேர் அது. அதற்குப் பின்னாளில் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து மாட்டியது திருச்சி பெல் நிறுவனம். ஆனால் ரத வீதியில் சேறு கிடையாது.

மொட்டை டயர் மாட்டு வண்டிக்கு எப்படிப் போதுமானதாக இருந்தது? வண்டிச் சக்கரத்துக்கு ஒரே வேலைதான்: புதையாமல் உருள்வது. மண்ணைக் கவ்வி இழுக்கும் வேலையை மாட்டின் குளம்பு பார்த்துக்கொண்டது. டிராக்டர் வந்தபோது அந்த இரண்டாவது வேலையும் சக்கரத்தின் தலையில் விழுந்தது. சக்கரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தொல்லை எங்களுக்குத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

டிராக்டரின் பின் டயரில் அம்புக்குறிபோல இருக்கும் ரப்பர் வரிகள் புழுதி உழவுக்கு அருமையாகக் கவ்வும். களிச் சேற்றில் இறக்கினால் நாலு சுற்றில் வரிகளுக்கு நடுவே களி அப்பிக்கொள்ளும். அப்புறம் அது டயராக இருக்காது, பெரிய கொழுக்கட்டையாகிவிடும். சுற்றும், நகராது. நெல் வயலுக்கென்றே வரியை இரண்டு மடங்கு உயரமாக வைத்த டயர் உண்டு. கம்பெனிக்காரர்கள் சாதாரண டயரை ஆர்-1 என்றும் இதை ஆர்-2 என்றும் குறிப்பார்கள். பின் டயருக்குள் முக்கால் பங்கு தண்ணீர் ஏற்றிக் கனம் கூட்டுவதும் உண்டு. ஆனால் டெல்டா கைக்கொண்டது கேஜ் வீலை. இரும்பு வளையங்களுக்குக் குறுக்கே பட்டைகளைப் பற்றவைத்த கூண்டுச் சக்கரம் அது. களி அப்ப இடமே இல்லை, கம்பிகளுக்கு நடுவே வழிந்து விழுந்துவிடும். டயரோடு ஒட்டி மாட்டினால் அரை கேஜ், டயரைக் கழற்றிவிட்டு மாட்டினால் முழு கேஜ். பத்து ஜோடி மாடு நாள் முழுக்க மிதித்துக் குழப்பும் சேற்றை இது காலையிலேயே குழப்பிவிடும்.

ஒரு குறை, இது தார் ரோட்டைக் கொத்திவிடும். முழு கேஜோடு வயல் விட்டு வயல் மாற ரோட்டில் ஓட்டினால் ரோடு முழுக்க வடு. வண்டியைப் பறிமுதல் செய்வோம் என்று மாவட்ட நிர்வாகங்கள் அவ்வப்போது எச்சரிக்கை விடும். ரோட்டைக் கடக்கும் இடத்தில் வைக்கோலோ பழைய டயரோ போட்டு அதன்மேல் ஏற்றி இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

டொராண்டோவில் இருக்கும் அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது சிரித்தான். "மாமா, இங்கயும் அதே கதைதான்." அவன் காருக்கு இரண்டு செட் டயர். நவம்பரில் பனி டயர், சித்திரை வாக்கில் மறுபடி கோடை டயர். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனால் இறுகிப்போய்ப் பிடிப்பை விட்டுவிடுமாம். பனி டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மெத்தென்றே இருக்கும், மேலே பிளேடால் கீறினமாதிரி நுணுக்கமான வெட்டுகள் இருக்கும். பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலையும் நடுவே ஒரு பனித்துகளும் பொறித்திருந்தால்தான் அசல் பனி டயர். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அதை மாட்டியே ஆகவேண்டும் என்று சட்டம். அவன் இருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. இரும்பு ஆணி பதித்த டயர் பனிக்கட்டியை இன்னும் நன்றாகக் கவ்வும், ஆனால் ரோட்டைக் கீறிவிடும் என்பதால் ஒன்டாரியோவின் வடபகுதிக்கு மட்டும்தான் அனுமதி. இரும்பு கவ்வும், இரும்பே ரோட்டையும் தின்னும். கேஜ் வீலைத் தடுக்கும் நீடாமங்கலமும் ஆணி டயரைத் தடுக்கும் டொராண்டோவும் ஒரே கவலையில்தான் இருக்கின்றன.

அறுவடை மிஷின் இங்கே கால் வைத்தபோது கதை சிக்கலானது. உழவின்போது வயல் சேறாக இருக்கவேண்டும் என்பது நம் விருப்பம். அறுப்பின்போது காய்ந்திருக்கவேண்டும், அது வானத்தின் விருப்பம். குறுவை அறுப்பு புரட்டாசி ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையின் வாயிலேயே போய் விழுகிறது. சம்பா அறுப்பாவது பனிக்காலத்தில் நிம்மதியாக நடக்கும் என்று இருந்தோம். தை, மாசியிலும் மழை வருகிறது இப்போது.

டயர் மிஷின் பஞ்சாபில் கோதுமைக்காக வளர்ந்த சாதி. காய்ந்த தரையில் அதன் வேகத்துக்கு ஈடில்லை. ரோட்டில் தானாகவே ஓடி அடுத்த ஊருக்குப் போய்விடும். பெல்ட் மிஷின் நெல் வயலுக்கென்றே பிறந்தது. எங்கள் பக்கம் அதற்குக் கிளாஸ், குபோட்டா என்று கம்பெனிப் பெயரே பெயராகிவிட்டது. சுமார் மூன்று டன் எடையை இரண்டு பெல்ட்டும் ஒரு கோரைப்பாய் அகலத்துக்குப் பரப்பிவிடுகின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் மண்ணுக்குக் கால் கிலோ பாரம்கூட விழாது. வரப்பில் நிற்கும் என் குதிங்கால் அதைவிட அதிகமாக அமுக்கும். ஆளே புதையும் சேற்றில் மிஷின் மிதந்து போவதை முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண்ணை நம்ப முடியவில்லை.

அப்படியானால் எல்லோரும் பெல்ட்டையே கூப்பிடலாமே? கூலி இடிக்கும். வேளாண் பொறியியல் துறை வாடகைக்கு விடும் மிஷினுக்கே டயர் வகை மணிக்கு 1,160 ரூபாய், பெல்ட் வகை 1,880 ரூபாய். தனியாரிடம் இன்னும் கூடும். மழை பெய்தால் அந்தந்த நாளின் அவசரம்தான் விலை. நிமிர்ந்து நிற்கும் பயிரை ஏக்கருக்கு ஒரு மணி நேரத்தில் முடிப்பார்கள். சாய்ந்து படுத்த பயிர் என்றால் இரண்டு மணி நேரமும் ஆகும். ரோட்டில் ஓடினால் பெல்ட் தேய்ந்துவிடும், அதனால் லாரியில் ஏற்றித்தான் கொண்டுவருவார்கள். ஆத்தூர், பெரம்பலூர்ப் பக்கமிருந்து லாரியில் வந்து இறங்கும் மிஷின் ஒரு ஊரில் பத்து ஏக்கராவது கிடைத்தால்தான் இறங்கும். தனியாக மூன்று ஏக்கர் வைத்திருப்பவன் பக்கத்து வயல்காரனைச் சரிக்கட்டவேண்டும். அவனுடைய வயல் மேட்டில் இருக்கும், அவனுக்கு டயரே போதும். எங்கள் தெருவில் இரண்டு பேர் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருப்பதற்கு இதுதான் காரணம்.

மண்ணும் ஊருக்கு ஊர் வேறு. கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துப் புது டெல்டாவில் மணல் கலந்த செம்மண். மழை விட்டு மூன்று நாள் வெயில் அடித்தால் டயர் இறங்கிவிடும். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, நாகை என்று கிழக்கே போகப் போகக் களி. ஒரு வாரம் காய்ந்தாலும் மேல் ஓடு மட்டும்தான் வெளுத்திருக்கும், கீழே உளை. டயர் மிஷின் மேலே பார்த்து ஏமாந்து உள்ளே போய் மாட்டிக்கொண்டால், அதை இழுக்க ஒரு டிராக்டர், அந்த டிராக்டரை இழுக்க இன்னொன்று. சக்கரத்துக்கு அடியில் தென்னை மட்டை, வைக்கோல், பலகை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் திணிப்போம்.

காய்ந்தபிறகு டயரை விடலாம் என்று காத்திருப்பதற்கும் விலை உண்டு. சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்தால் நாலாம் நாள் முளை விட்டுவிடும். சரி, பெல்ட்டை விட்டு இன்றைக்கே அறுத்துவிடலாம் என்றால் நெல் ஈரமாக வரும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம்தான் விதி. 22 வரை தளர்த்தச் சொல்லி மாநில அரசு தில்லிக்கு எழுதுவதும் அங்கிருந்து குழு வந்து நெல்லை அள்ளிப் பார்த்துவிட்டுப் போவதும் டெல்டாவின் பருவச் சடங்குகளில் ஒன்றாகிவிட்டது. ஆக, பெல்ட் நெல்லை வயலை விட்டு வெளியே கொண்டுவரும். கொள்முதல் நிலையத்துக்குள் கொண்டுபோகாது. நடுவில் ரோட்டோரம் நெல்லைக் கொட்டித் துழாவிக்கொண்டு நிற்பது நாம்தான். 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் அறுப்பு நேரத்தில் பெய்த மழைக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்த அரசு, அறுவடை மிஷினைப் பாதி வாடகைக்குத் தருவதாகவும் சேர்த்தே அறிவித்தது. மிஷினின் சக்கரம் அந்த அளவுக்கு அரசாங்க விஷயமாகிவிட்டது.

உளுந்துக் கணக்கை மிஷின்காரர் யாரும் சொல்வதில்லை. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெற்பயிருக்குள்ளேயே உளுந்தோ பயறோ விதைத்துவிடுவது எங்கள் பழக்கம். 1922-ல் தொடங்கிய ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் இந்த நெல் தரிசுக்கென்றே ஆடுதுறை 3 உளுந்தைக் கொடுத்தது. உழவு, உரம், தண்ணீர் எதுவும் வேண்டாம். கையறுப்பில் ஆட்கள் தாளுக்கு நடுவே நடந்து அறுத்துப் போனபின் முளைத்த செடி தலை தூக்கும், பனியைக் குடித்தே விளையும். மிஷின் வந்தபின் அந்த முளைமேல் ஏறுவது டயரா பெல்ட்டா என்பதுதான் கேள்வி. டயர் இரண்டு கோடாக ஆழமாக அழிக்கும். பெல்ட் ஆழமாக அழிக்காது, ஆனால் பாய் அகலத்துக்கு நசுக்கும், திரும்பும் இடத்தில் மண்ணையே உரித்துவிடும். மேலே வைக்கோல் வேறு வரிசையாக விழுந்து மூடும். சிலர் மிஷின் போனபிறகு விதைத்துப் பார்க்கிறார்கள். அதற்குள் மண் பதம் போய்விடுகிறது. பலர் விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டு இட்லிக்கு இப்போது உளுந்து கடையிலிருந்து வருகிறது.

அறுப்புக்கூலி நெல்லும் அப்படித்தான் போயிற்று. களத்தில் அளந்து வாங்கிய நெல்லை வைத்து ஆடிவரை அடுப்பெரித்த வீடுகள் இருந்தன. முதலில் மிஷின் வந்தபோது தொழிலாளர் சங்கங்கள் மறித்ததன் நியாயம் அன்று எனக்குப் புரியவில்லை. நானும் "ஆள் எங்கே கிடைக்கிறது" என்று பேசியவன்தான். ஆளுக்கு முன்னால் மிஷின் வந்ததா, மிஷினுக்கு முன்னால் ஆள் போனாரா என்று இன்றைக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

புரோக்கரிடம் பதில் சொல்லாமல் இழுத்தேன். மறுநாள் காலை ஆத்தூர்க்கார டிரைவர் ஒருவர் வயலைப் பார்க்க வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. செருப்பை வரப்பில் விட்டுவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நாலு இடத்தில் நின்று குதிங்காலைத் திருகி அழுத்திப் பார்த்தார்.

"கணுக்கால் வரைக்கும் போனா டயர் விடலாங்கய்யா. இது கெண்டைக்கால் போவுது. பெல்ட்டுதான்."

"அந்த மூலை?" வடகிழக்கு மூலையைக் காட்டினேன். வாய்க்கால் கசிந்து எப்போதும் தண்ணீர் நிற்கும் பள்ளம், முப்பது குழி இருக்கும்.

போய்ப் பார்த்தார். முழங்கால் வரை போயிற்று. ஒரு காலைப் பிடுங்க இன்னொரு கால் இறங்கியது. சிரித்துக்கொண்டே வரப்பைப் பிடித்து ஏறினார். "அதுல பெல்ட்டு போனா மிஷினை உங்க ஊருலயே விட்டுட்டுப் போக வேண்டியதுதாங்க."

பெல்ட் மிஷின் மதியத்துக்குள் மற்றதையெல்லாம் முடித்துக்கொண்டு லாரியில் ஏறிவிட்டது. மூலைக்குக் கீழத்தெருவிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டுவந்தேன். இருவருக்கும் அறுபது தாண்டியிருக்கும். அரிவாளை எங்கிருந்தோ தேடி எடுத்துத் தீட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முழங்கால் சேற்றில் பேசிக்கொண்டே அறுத்தார்கள். அரி அரியாகப் போட்டுக் கட்டி, தலையில் சும்மாடு வைத்துத் தூக்கி, வரப்பில் ஒற்றையடியாக நடந்து ரோட்டோரம் கொண்டுவந்து போட்டார்கள். அங்கேயே தார்ப்பாயை விரித்துக் கட்டு அடித்தார்கள்.

பையிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு, "கூலி எவ்வளவு ஆத்தா?" என்றேன்.

மூத்தவர் தார்ப்பாயில் குவிந்திருந்ததைப் பார்த்தார். "பணம் கெடக்கட்டும் தம்பி. நெல்லாவே அளந்துடுங்க."

வீட்டில் மரக்கால் எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.